கம்பு எட்டாத தண்ணீர்

பிடித்த மீனை மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிற மனிதர் ஒருவர் கொன்றைக் கண்மாய்க் கரையில் நடமாடுகிறார் என்ற செய்தியைக் கீழக்கொன்றைப்பட்டி முதலில் நம்பவில்லை. மீன் நழுவிப்போவதை ஊர் அறியும். நழுவியதை மறைக்க நாலு பொய் சொல்வதையும் அறியும். கைக்கு வந்து சேர்ந்து, முள்ளும் கழன்று, துடிப்போடு இருக்கிற விராலை ஒருவர் மனமொப்பித் திருப்பி அனுப்புவார் என்பது மட்டும் அதன் அனுபவத்தில் எங்கும் இல்லை.

அதை முதலில் கண்ணால் பார்த்தவர் ஆண்டியப்பன். கண்மாயின் மடையைத் திறந்து மூடுவதும், வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் அவர் வேலை. அந்த வேலையோடு ஒட்டி வந்த இன்னொரு பொறுப்பு மீன்களைக் காப்பது. அறுவடை முடிந்து, சித்திரையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும், ஒரு காலையில் ஊர்த் தலைவரான அம்பலகாரர் மடைமேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். கண்மாய் அழிவு என்று அதற்குப் பெயர். வலையும் கூடையும் ஊத்தா என்னும் மூங்கில் கூண்டுமாக ஊரே ஒரே சமயத்தில் தண்ணீருக்குள் இறங்கும், அகப்பட்டது அகப்பட்டவருக்கு. அந்த நாள்வரை வலைக்கு இடமில்லை. தூண்டிலுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. கரையில் உட்கார்ந்திருப்பவனுடைய கம்பு எட்டும் தண்ணீர் அவனுக்கு. கம்பு எட்டாத தண்ணீர் ஊருக்கு. கம்பில் கட்டிய தூண்டில் நரம்பு கம்பின் நீளத்தைவிட ஒரு சாண் மிஞ்சலாம். அதற்கு மேல் மிஞ்சினால் அது களவு. இந்த விதியை யார் எப்போது வகுத்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது. சமஸ்தானம் போய்ச் சர்க்கார் மாறிய பிறகும் இதில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, ஏனெனில் இது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

மீனை விட்டவர் மரியசூசை. ஆவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதில் மலாயாவுக்குப் போய் ரப்பர் தோட்டத்தில் உழைத்துவிட்டு, மனைவி சூசைமேரியோடு முந்தின ஆண்டுதான் திரும்பியிருந்தார். அவருக்கு வயல் இல்லை. ஒரு தையல் மெஷின் இருந்தது. பிற்பகல்களில் அதன் முன் உட்கார்ந்து ஊராருக்குச் சட்டை தைத்தார். காலைகளை மட்டும் தமக்கென்று வைத்துக்கொண்டார்.

மாசி மாதத்துக் காலை ஒன்றில், கருவேல மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆண்டியப்பன் அவரைக் கவனித்தார். காவல்காரராகத்தான் கவனிக்கத் தொடங்கினார். ஆனால் அந்தப் பார்வை வெகுநேரம் காவல்காரருடையதாக இருக்கவில்லை. மரியசூசை செருப்பைக் கரையின் அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினார். ஈரமண்ணை ஒரு பிடி அள்ளி உள்ளங்கைகளில் தேய்த்துக் கழுவினார். ஒருமுறை சிலுவை போட்டுக்கொண்டார். கையில் இருந்த கம்பு இடுப்பு உயரம்கூட இல்லாத குட்டைக் கம்பு. அதன் அடியில் பித்தளைச் சக்கரம் ஒன்று பூட்டியிருந்தது. சக்கரத்தின் நடுவில் இருந்த உருளையில் நைலான் நரம்பு சுற்றியிருந்தது. நரம்பின் முனையில் தொங்கிய தவளைக்கு உயிர் இல்லை. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, சைக்கிள் டியூபை வெட்டிக் கால்கள் வைத்து, வயிற்றுக்குக் கீழே முள் பொருத்திய பொம்மைத் தவளை அது.

கம்பை ஒருமுறை பின்னால் சாய்த்து வீசினார். சக்கரம் கிர்ரென்று சுற்றியது. கட்டைத் தவளை கண்மாயின் நடுப்பகுதிவரை பறந்துபோய், அல்லி இலைகளுக்கு இடையே பொத்தென்று விழுந்தது. விழுந்ததும் இழுக்கவில்லை. நீரில் எழுந்த வளையங்கள் முழுவதும் அடங்கும்வரை அசையாமல் நின்றார். பிறகு கம்பின் நுனியை லேசாகச் சொடுக்கினார். தவளை ஒரு தத்துத் தத்தியது. மறுபடி நிறுத்தினார். ஓரிடத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால் அங்கே நிற்காமல் சில அடிகள் நகர்ந்தார். உட்காரவே இல்லை.

ஆண்டியப்பனுக்கு இதில் எதுவும் பழக்கமானதாக இல்லை. அவரும் தூண்டில்காரர்தான். அடுப்புப் புகையில் கறுத்த நீண்ட மூங்கில் கம்பு. முதுகுத் தோலில் முள் ஏற்றிய உயிர்த் தவளை. அதன்மேல் ஒருமுறை புகையிலை எச்சிலைத் துப்பிவிட்டு, கரையோர இலைகளுக்கு மேல் அதை மெல்ல ஆட்டிக்கொண்டே குத்தவைத்து உட்கார்ந்திருப்பது அவர் முறை. விரால் கவ்வியதும் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு கரைமேல் ஓட வேண்டும். தண்ணீருக்குள் அதை ஒருமுறை திரும்பவிட்டால் கொடியில் நரம்பைச் சுற்றி அறுத்துவிடும். ஆகவே திரும்புவதற்கு முன்பே புல்லில் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். அந்த வட்டாரத்தில் தூண்டில் போட்டவர்கள் எல்லோரும் ஓடியவர்கள்தாம்.

தத்திய கட்டையின் கீழே தண்ணீர் வெடித்தது. மரியசூசை ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, மீன் இழுத்தபோது நரம்பை விட்டும், ஓய்ந்தபோது சுற்றியும், கடைசியில் ஒரு விராலைக் காலடிக்குக் கொண்டுவந்தார். கைகளை நனைத்துக்கொண்டு அதைத் தாங்கி, முள்ளைக் கழற்றி, சிறிதுநேரம் உற்றுப்பார்த்துவிட்டு நீருக்குள் விட்டார். அப்போதுதான் ஆண்டியப்பன் மரத்தடியிலிருந்து வெளியே வந்தார்.

"என்ன காரியம் பண்ணீங்க, மலாயாக்காரரே?"

"மீன் பிடிச்சேண்ணே."

"பிடிச்சீங்க, சரி. அப்புறம்?"

"விட்டேன்."

"அதத்தான் கேக்குறேன். ஏன் விட்டீங்க?"

மரியசூசை அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டவரைப் போல யோசித்தார். "பாத்தாச்சு. அதான்."

"எதைப் பாத்தீங்க?"

"அங்கிட்டு அந்த அல்லிக்கு அடியில ஒண்ணு கெடக்கும்னு ரெண்டு நாளா ஒரு நெனைப்பு. கெடக்கா இல்லையான்னு தெரியணும். தெரிஞ்சிருச்சு."

"இதுக்கு இம்புட்டுப் பாடா? என்னையக் கேட்டிருந்தா கெடக்குன்னு நானே சொல்லியிருப்பேனே."

"நீங்க சொன்னா அது நீங்க சொன்னதுதானேண்ணே."

ஆண்டியப்பனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. அவர் முள்ளை வாங்கிப் பார்த்தார். கவ்விய மீன் நழுவாதபடி முள்ளின் உள்பக்கத்தில் இருக்கும் சிறு பல் அரத்தால் ராவப்பட்டு மழுங்கியிருந்தது. மீன் தப்பிப்பதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்துகொண்டு மீன் பிடிக்க வருகிற மனிதரிடம் அடுத்து எதைக் கேட்பது என்று அவருக்குப் புரியவில்லை. சக்கரத்தைப் பற்றிக் கேட்டார். அது தோட்டத்துத் துரையுடையது. வெள்ளீயம் தோண்டிக் கைவிட்ட, தண்ணீர் நின்ற பள்ளங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் துரைக்குப் படகு தள்ளியதற்காக, சீமைக்குத் திரும்பியபோது அவர் கொடுத்துவிட்டுப் போனது என்று மரியசூசை சொன்னார். சொல்லிவிட்டு, கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்.

"சப்பான்காரன் காலத்துல எங்களையெல்லாம் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான். கூடாரத்துக்குக் கீழேயே ஆறு. சாயங்காலமானா மீன் துள்ளுற சத்தம் கேக்கும். எறங்கினா சுட்டுருவான். என்ன மீனுன்னு கடைசிவரைக்கும் தெரியல. உசுரோட ஊருக்குப் போனா தெனமும் ஒரு தண்ணிக்கிட்டப் போயி நிக்கணும்னு அப்ப நெனச்சேன். வேற எதையும் வேண்டிக்கல."

ஆண்டியப்பன் முள்ளைத் திருப்பிக் கொடுத்தார். "இருந்தாலும் நீங்க எறியுறது கம்பு எட்டாத எடம். நான் ஊர்ல சொல்லித்தான் ஆகணும்."

"தடுத்துட்டாங்கன்னா?"

"தடுத்துட்டாங்கன்னா அப்புறம் தூண்டிலோட நீங்க இந்தக் கரையில ஏறப்படாது."

அன்று மாலையே பேச்சு அம்பலகாரர் ரெங்கசாமியிடம் போயிற்று. ரெங்கசாமிக்கு வழக்கு என்றால் நாக்கில் ருசி தட்டும். புதுக்கோட்டைக் கோர்ட்டுக்குப் பல தடவை நடந்தவர். தீர்ப்பைவிட வாதத்தை அதிகம் விரும்புகிறவர். பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் கூடிய பத்துப்பன்னிரண்டு பேரிடம் அவர் கேள்வியைத் தெளிவாக வைத்தார்.

"ஊர்க்கட்டுல தூண்டில் இருக்கு, வலை இருக்கு, ஊத்தா இருக்கு. இந்த ராட்டை எதுல சேத்தி?"

அன்று முதல் அந்தச் சக்கரத்துக்கு ராட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"கம்பு இருக்கு, முள்ளு இருக்கு. தூண்டில்தானுங்களே," என்றார் மரியசூசை.

"நரம்பு? ஒரு சாண்தானய்யா மிஞ்சலாம். ஒம்மோடது அந்தக் கோடியில தண்ணி வழியுற கலுங்கு வரைக்கும் போகுதாமே."

"அந்த ஒரு சாண்தான் வெளியில தெரியுது. மிச்சம் ராட்டைக்குள்ள இருக்கு."

கூட்டம் சிரித்தது. ரெங்கசாமியும் சிரித்தார், எதிர்க்கட்சி வக்கீல் நல்ல பாயிண்ட் பிடித்ததை ரசிக்கிற சிரிப்பு. ஆண்டியப்பனின் மனைவி மூக்காயி மட்டும் சிரிக்கவில்லை. அழிவு நாளில் ஊத்தா குத்துவதில் ஆண்களும் அவளுக்கு ஈடு இல்லை.

"அவரு எடுக்குறாரா விடுறாராங்கிறதா பேச்சு? ஒருவாட்டி முள்ளு பட்ட வெரால் மறுபடியும் ஏமாறுமா? அழிவன்னிக்கு நாங்க எறங்குறப்ப எல்லாம் சேத்துல போயிப் பதுங்கிக்கிடும்."

"அப்ப மீனுக்குப் பள்ளிக்கூடம் நடத்துறாருங்கிற," என்றார் ரெங்கசாமி.

"ஆமா. அதுவும் ராத்தங்கலோட," என்றாள் மூக்காயி.

ரெங்கசாமி நெடுநேரம் மீசையைத் தடவினார். பொருளைப் பார்க்காமல் பெயர் வைக்க முடியாது என்றார். தூண்டிலிலும் கண்மாயிலும் ஒருசேர அறிவுள்ளவர் ஆண்டியப்பன். அவரே அதைக் கையில் வாங்கி எறிந்து பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஊர் மடையருகே கூடட்டும். தூண்டிலா இல்லையா என்று ஆண்டியப்பன் சொல்வதே முடிவு. அதுவரை மரியசூசை கரைக்குப் போகக் கூடாது.

அந்த நாட்களில் மரியசூசை காலையிலேயே தையல் மெஷின் முன் உட்கார்ந்துவிட்டார். தைத்ததைப் பிரித்தார், பிரித்ததை மறுபடி தைத்தார். மெஷினுக்கு விடும் எண்ணெயை எடுத்து ராட்டைக்கு விட்டுத் துடைத்தார். தவக்காலத்து வெள்ளிக்கிழமை வந்தது. கிறிஸ்தவத் தெருவில் அன்று இறைச்சி கிடையாது, மீனுக்குத் தடையில்லை. சூசைமேரி முருங்கைக்கீரையைக் கடைந்துகொண்டே பேசினாள்.

"ஏங்க, நீங்க மீனைத் திருடுறீங்கன்னு ஊரே கூடிப் பேசுது. நான் இங்க கீரை கடையுறேன். திருட்டுன்னு பேரு வந்தது வந்துச்சு, ஒண்ணே ஒண்ணையாவது கொண்டாந்திருக்கலாம்."

"கொண்டு வந்திருந்தா பேச்சே இல்ல. களவுன்னு அன்னிக்கே முடிச்சிருப்பாங்க."

"இப்ப மட்டும் என்ன? ஆண்டியப்பண்ணன் ஆகாதுன்னு சொல்லிட்டா நீங்க பகலெல்லாம் இந்த மெஷின் முன்னாடியே உக்காந்து என் உசுரை வாங்குவீங்க. அவரு நல்லபடியா சொல்லணும்னு நானும் செபமாலை சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை மடையருகே கூடியவர்களில் வழக்குக்காக வந்தவர்கள் குறைவு. ராட்டையைப் பார்க்க வந்தவர்களே அதிகம். மரியசூசை கம்பை ஆண்டியப்பனிடம் கொடுத்தார்.

"உருளையைப் பெருவிரலால தடவிக்கிட்டே எறியணும்ணே. கட்டை தண்ணியத் தொடுறதுக்கு முந்தி அமுக்கி நிப்பாட்டணும்."

"எறியுறது எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு ஆண்டியப்பன் தோளின் பலம் முழுவதையும் கொடுத்து வீசினார். பெருவிரலை மறந்துவிட்டார். கட்டைத் தவளை நாலடி தள்ளி விழுந்தது. உருளை மட்டும் வெறிபிடித்துச் சுற்றியது. நரம்பு பொங்கி எழுந்து தூக்கணாங்குருவிக் கூடு போல ராட்டையில் தொங்கியது.

"நூல் நூக்கச் சொன்னா எங்க வீட்டுக்காரரு கூடு கட்டிட்டாரு," என்றாள் மூக்காயி.

சிக்கெடுக்கும் வேலை வெகுநேரம் நடந்தது. முதலில் மரியசூசை மட்டும் உட்கார்ந்தார். பிறகு பூத்தொடுத்துப் பழகிய விரல்கள் என்று சொல்லிக்கொண்டு பெண்கள் சிலர் சேர்ந்தார்கள். நைலான் நரம்பை யாரும் அதற்கு முன் தொட்டதில்லை. இழுத்துப் பார்த்தார்கள், பல்லில் கடித்துப் பார்த்தார்கள், வெயிலில் பிடித்து அது கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்தார்கள். கடைசியில் அம்பலகாரரும் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊர்க்கட்டை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பொருளை ஊரே மடியில் வைத்துச் சிக்கெடுத்தது. அதில் இருந்த முரண் அந்த நேரத்தில் எவருக்கும் உறைக்கவில்லை.

இரண்டாம் முறை ஆண்டியப்பன் பலத்தைக் குறைத்தார், பெருவிரலை வைத்தார். தவளை நீண்டதூரம் போய் நடுக்கண்மாயில் விழுந்தது. வாழ்நாள் முழுவதும் காவல்காத்த, ஆனால் தண்ணீர் நிறைந்திருக்கையில் தம் தூண்டிலால் ஒருபோதும் தொடாத இடம் அது. வளையங்கள் அடங்கும்வரை அவரும் நின்றார். அவரை அறியாமலே மூச்சையும் நிறுத்தியிருந்தார். நுனியை ஒருமுறை சொடுக்கினார்.

தண்ணீர் பிளந்தது. கம்பு வளைந்தது. அடுத்து ஆண்டியப்பன் செய்தது, அந்த வட்டாரத்தில் பிறந்த எந்தத் தூண்டில்காரரும் செய்திருக்கக் கூடியதுதான்: கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிக் கரைமேல் ஓடினார். மூங்கில் கம்பாக இருந்திருந்தால் மீன் பின்னாலேயே வந்திருக்கும். ராட்டையோ ஓட ஓட நரம்பை விட்டுக்கொண்டே இருந்தது. அதன் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று அவர் விரல் முட்டிகளைத் தட்டித் தட்டி அடித்தது. அவர் கரையில் ஏறி, உச்சியைக் கடந்து, மறுபக்கச் சரிவில் இறங்கிக் கண்ணுக்கு மறைந்தார். நரம்பு மட்டும் கரையின் மேல் விறைப்பாக நின்றது.

மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது. "வந்திருச்சா?"

"மீன் இங்கிட்டுத்தான் நிக்குது. நீதான் போயிட்ட," என்றார் ரெங்கசாமி.

சிரித்த கூட்டம் அடங்க நேரம் ஆயிற்று. அதற்குள் மரியசூசை கரைமேல் ஏறிப்போய், ராட்டையைச் சுற்றிக்கொண்டே திரும்பி வருமாறு ஆண்டியப்பனிடம் சொன்னார். ஆண்டியப்பன் சுற்றிக்கொண்டே நடந்து வந்தார். விரால் இன்னும் முள்ளில்தான் இருந்தது. அது இழுத்தபோது விட்டார். விடுவது அவருக்குப் பெரும் வேதனையாக இருந்தது முகத்தில் தெரிந்தது. அது ஓய்ந்தபோது சுற்றினார். இழுப்பதும் விடுவதுமாக வெகுநேரம் கழிந்து, தொடைப் பருமன் விரால் ஒன்று மடைப்படிக்கு அருகே பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அத்தனை பெரிய மீனை ஆண்டியப்பன் தூண்டிலில் பிடித்ததில்லை.

மரியசூசை முழங்கால் ஆழத்தில் இறங்கினார். கைகளை நனைத்தார். மீனைத் தாங்கி முள்ளைக் கழற்றினார். உற்றுப்பார்த்தார். கைகளை விரித்தார்.

விரால் வாலை ஒருமுறை வீசிப் போய்விட்டது.

தாம் செய்தது என்ன என்பது மரியசூசைக்கே கடைசியாகத்தான் விளங்கியது. வெறுங்கைகளோடு திரும்பி ஆண்டியப்பனைப் பார்த்தார்.

"அண்ணே, நெனச்சுச் செய்யல. கை தானா விட்டுருச்சு."

"எங்க வீட்டுக்காரரு பிடிச்ச மீனை விடுறதுக்கு இவரு யாரு?" என்றாள் மூக்காயி. குரலில் கேலி இல்லை.

ஆண்டியப்பன் கம்பைக் கீழே வைத்தார். அடிபட்ட முட்டிகளை வாயில் வைத்து உறிஞ்சினார். படியில் உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். கழுவியபின்னும் எழுந்திருக்காமல், மீன் போன திசையிலேயே கண் வைத்திருந்தார். தீர்ப்புச் சொல்ல வேண்டியவரே நஷ்டப்பட்டவராகவும் ஆகிவிட்டார். மரியசூசை தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. இனி இதில் நிற்க விடமாட்டார்கள் என்றால், சொல்லி முடிக்கும்வரையாவது நிற்கலாம் என்பதுபோல் அங்கேயே நின்றார். கரையில் சூசைமேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு ஆண்டியப்பா," என்றார் ரெங்கசாமி. "தூண்டிலா?"

"தூண்டில் இல்லீங்க."

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. ஆண்டியப்பன் கையை உயர்த்தினார்.

"தூண்டில்னா நான் இழுத்தா வரணும். இதுல நான் இழுத்தேன், நான்தான் போனேன். மீனு போகணும்னா அதுவும் போகுது. பிடிச்சவன் ஒரு பக்கம், பிடிபட்டது ஒரு பக்கம், ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்குற மாதிரில்ல இருக்கு. கம்பு எட்டாத எடத்துல போயி வேலை செய்யுது. அதனால கரையில உக்காந்தவன் உரிமை இதுக்குச் செல்லாது."

"அப்ப வலைக் கணக்கா?"

"வலையும் இல்லீங்க. வலைக்குள்ள போனது வெளிய வராது. இதுல முள்ளுக்குப் பல்லே இல்ல."

"ரெண்டும் இல்லன்னா தடைதானே? ஊர்க்கட்டுல பேரில்லாத ஒண்ணைக் கண்மாய்க்குள்ள விடலாமா?"

ஆண்டியப்பன் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவர் பார்வை இன்னும் தண்ணீரில்தான் இருந்தது.

"ஊர் மீனை எடுத்தாத்தானுங்களே குத்தம்," என்றார் மெல்ல. "இப்ப நான் பிடிச்ச மீனு ஊரு மீனு. நடுக்கண்மாயில பிடிச்சது. அதை நான் வீட்டுக்குக் கொண்டு போயிருந்தா நான்தான் கள்ளன். அது எங்க இருக்கு இப்ப? கண்மாயிலதான் இருக்கு. ஊருக்கு என்ன கொறைஞ்சிருச்சு? எனக்குத்தான் வயிறு எரியுது. அது என் வயிறு; ஊர்க் கணக்குல வராது."

ரெங்கசாமி இந்த வாதத்தை வாயில் போட்டு மெல்வதைப் போல் தலையை ஆட்டினார். மூக்காயி, முள் பட்ட மீன் அழிவன்று பதுங்கும் என்ற தன் கட்சியை மறுபடி எடுத்தாள். அது சித்திரையில் தெரிந்துவிடும், தெரிந்தால் அன்றைக்குப் பேசலாம் என்று ரெங்கசாமி அதை ஒத்திவைத்தார். பிறகு எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். மரியசூசை ராட்டை போடலாம். பிடித்த ஒவ்வொன்றையும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஒன்றே ஒன்று வீட்டுக்குப் போனாலும் அன்றோடு ராட்டையும் இல்லை, கரையும் இல்லை. விடுகிறாரா என்று ஆண்டியப்பன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

"மரத்துக்குப் பின்னாடி நிக்க வேண்டியதில்ல," என்று சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சூசைமேரி முதலில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"இத்தனை நாளா நீங்களா விட்டீங்க. இனிமே ஊரு விடச் சொல்லுது. ரெண்டுலயும் என் சட்டிக்கு ஒண்ணுமில்ல."

மரியசூசையும் சிரித்தார், ஆனால் அவள் சொன்னது அவருக்குள் எங்கோ தங்கிவிட்டது. இரவு உணவின்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவர், "நானா விட்டதும் அவங்க சொல்லி விடுறதும் ஒண்ணா இருக்குமா மேரி?" என்று கேட்டார்.

"மீனுக்கு ஒண்ணுதான்," என்றாள் அவள்.

மறுநாள் காலை அவர் கரையேறியபோது ஆண்டியப்பன் முன்பே வந்து நின்றிருந்தார். புகையிலையைத் துப்பி வாயைக் கொப்பளித்துவிட்டார். அவருடைய செருப்பும் கரையின் அடிவாரத்தில் கிடந்தது. மரியசூசை எறிந்தார், நகர்ந்தார், எறிந்தார். ஆண்டியப்பன் ஓரடி பின்னால் நடந்தார். ஒரு முறை, "அந்தக் கோரைக்கு வலப்பக்கம் பள்ளம் இருக்கு. அதுல என்ன கெடக்கும்னு எனக்கே தெரியாது," என்றார். மரியசூசை அந்தப் பக்கம் எறிந்தார்.

வந்த விரால் பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. மரியசூசை இறங்கினார், கைகளை நனைத்தார், முள்ளைக் கழற்றினார். எப்போதும் பார்ப்பதைப் போல் பார்த்தார். அதன் பக்கவாட்டில் இருந்த கரும்பட்டைகளையும், தாடையில் அப்பியிருந்த பாசியையும், தம்மைப் பார்க்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத கண்ணையும் பார்த்தார். அந்தக் கணத்தில், மலாயாவிலும் இங்கும் அத்தனை மீன்களைப் பிடித்தபோது ஒருமுறையும் தோன்றாத ஆசை ஒன்று தோன்றியது: இதைக் கொண்டுபோனால் என்ன. வேண்டாம் என்று ஊர் சொல்லும்வரை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. ஆசை புதியதாக இருந்ததால் அதையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையை நீருக்குள் தாழ்த்தி விரல்களை விரித்தார்.

மீன் போகவில்லை. களைத்திருந்ததோ, கையின் சூடு பிடித்திருந்ததோ, செவுள்களை மெல்ல அசைத்துக்கொண்டு விரிந்த கையின்மேலேயே கிடந்தது.

ஆண்டியப்பன் குனிந்தார். "விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

"கையிலதானே இருக்கு."

"கை தெறந்துதானேண்ணே இருக்கு."

ஆண்டியப்பனும் சரிவில் இறங்கி, இன்னும் நெருங்கி வந்து, தண்ணீரில் குத்தவைத்து உட்கார்ந்தார். வேட்டி நனைவதை அவர் கவனிக்கவில்லை. கை திறந்துதான் இருந்தது. மீனும் அங்கேதான் இருந்தது. இது பிடித்ததா, விட்டதா?

"ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது?"

"பாத்ததைச் சொல்லுங்க."

"என்ன பாக்குறேன்னுதானே தெரியல," என்றார் ஆண்டியப்பன்.

மேலே கரையில் மாடுகள் போயின. யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மடை திறக்க நேரமாயிற்று என்றார்கள். ஆண்டியப்பன் திரும்பாமலே, வாரேன் என்று கையை ஆட்டினார். மீனின் முதுகுத் துடுப்பு ஒருமுறை விரிந்து மடங்கியது. இருவரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.